எக்கோ வைத்த மைக்கில் போன தலாக் ஒன்றா மூன்றா என்று தீர்மானித்துத் தரக் கோருதல்

அனுப்புநர்:
அ. மைமூன் பீவி (வயது 49),
கணவர் பெயர்: (மனுவின் பொருளே இதுதான் என்பதால் காலியாக விடப்பட்டுள்ளது),
தஸ்தகீர் சவுண்ட் சர்வீஸ், மேல்மாடி,
சாரம், புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு சார் ஆட்சியர் மற்றும் உட்கோட்ட நடுவர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: ஒலிபெருக்கி – தங்கள் அலுவலக அனுமதியுடன் உப்பளம் பகுதித் தெருவில் வைக்கப்பட்டது – அதன் வழியே என் கணவர் அல்லது முன்னாள் கணவர் தஸ்தகீர் என்பவர் எனக்குத் தலாக் சொன்னது – எக்கோ காரணமாக எத்தனை முறை என்று தெரியாமல் போனது – நான் மனைவியா இல்லையா எனத் தெரிவிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஒலிபெருக்கி அனுமதி, நாள் 04.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இன்று குறைதீர் நாள் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் பட்டா, குடிநீர், சாக்கடை என்று நியாயமான குறைகளோடு வந்திருக்கிறார்கள். என்னுடைய குறை அந்த வகையில் சேராது. வேறு எங்கும் சேராததால்தான் இங்கே கொண்டு வந்திருக்கிறேன். வீட்டிலிருந்து சுத்தமாக எழுதி எடுத்து வந்த மனு மழையில் நனைந்து கூழாகிவிட்டபடியால், இதைத் தங்கள் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து மறுபடி எழுதுகிறேன். கையெழுத்துக்கு மன்னிக்கவும். நனைந்த காரணம் பத்தி 10-இல் வருகிறது.

1. எனக்கும் மேற்படி தஸ்தகீருக்கும் நிக்காஹ் ஆகி இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. இருவரும் சேர்ந்துதான் மைக் செட் தொழில் செய்கிறோம். அவர் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்காருவார். நான் தெருக்கோடி வரை நடந்து போய், சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டு, கையால் சைகை காட்டுவேன். உள்ளங்கை மேலே பார்த்தால் கூட்டு, கீழே பார்த்தால் குறை. அவர் தன் காதில் கை வைத்துக் காட்டினால், கேட்கிறதா என்று அர்த்தம். எங்கள் குடும்பம் நடந்ததில் பாதி இந்தச் சைகையில் நடந்ததுதான்.

2. அவரிடம் குடி இல்லை, சீட்டு இல்லை. எக்கோ மட்டும் உண்டு. எவர் குரலாக இருந்தாலும் எக்கோ வைத்தால்தான் கம்பீரம் என்பது அவருடைய முடிவு. இழவு வீட்டு அறிவிப்புக்கும் எக்கோ வைப்பார். செத்தவர் பெயர் மூன்று தடவை கேட்கும். உழவர்கரைப் பக்கம் ஒரு வேட்பாளர் பாலம் கட்டித் தருவதாகப் பேசியது எங்கள் செட்டில் மூன்று பாலமாகக் கேட்டது. ஒரு பாலமும் வரவில்லை, மூன்று பாலம் கேட்டு யாரும் மனு கொடுக்கவும் இல்லை. இந்த முன்னுதாரணத்தைத் தங்கள் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன்.

3. கடந்த செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, உப்பளத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொல்தா ஜில்பேர் அவர்களுக்கும் அவர் மனைவி மார்கரீத் அம்மாளுக்கும் ஐம்பதாவது திருமண நாள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் மாதா கோவிலில் சொன்ன வார்த்தையை உறவினர் முன்னால் மைக்கில் இன்னொரு தடவை சொல்வதுதான் விழாவின் முக்கிய நிகழ்ச்சி. நான் தெருக்கோடிக்குப் போய்க் கேட்டேன். பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. உள்ளங்கையைக் கீழே காட்டினேன். தஸ்தகீர் பார்க்காதது போல் இருந்தார். மறுபடி காட்டினேன். எக்கோ திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

4. நான் நேரே மேடைக்குப் போய், ஜில்பேர் அவர்கள் பக்கத்தில் நிற்கும்போதே, "என்னங்க, எக்கோவ கொறைங்க. ஒரு வார்த்தையும் வெளங்கல, எல்லாம் கொழகொழன்னு கேக்குது" என்று சொன்னேன். ஜில்பேர் அவர்கள் நல்ல எண்ணத்தில், "மதாம் சொல்றது சரிதான் முசியே" என்றார். வாடிக்கையாளர் முன்னால் சொன்னது தவறு என்று இப்போது சிலர் என்னிடம் சொல்கிறார்கள். எக்கோ அதிகம் என்பதை எக்கோ அதிகமாக இருக்கும்போதுதானே சொல்ல முடியும். தஸ்தகீர் முகம் சிவந்தது. கையில் மைக் இருந்தது, மைக்கில் உயிர் இருந்தது. "இருவத்தாறு வருஷமா தெருக்கோடில நின்னுகினு கொறை கொறைன்னுதான் காட்டுற. நீயே வந்து ஒக்காந்து நடத்து. எனக்கு வேணாம். தலாக்" என்றார்.

5. பந்தலில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சொல் தெரியும், தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஜில்பேர் அவர்களுக்கு ஒரு காது கேட்காது. மைக் டெஸ்டிங் முடிந்துவிட்டது என்று நினைத்து, தஸ்தகீர் கையிலிருந்து மைக்கை வாங்கி, மார்கரீத் அம்மாளைப் பார்த்து, நோயிலும் சுகத்திலும் உன்னைக் கைவிட மாட்டேன் என்று சொன்னார். அந்த வார்த்தை தெருக்கோடி வரை சுத்தமாக, ஒரே ஒரு தடவை கேட்டது. அழாதவர்கள் குறைவு. நானும் அழுதேன், என் காரணம் வேறு.

6. மறுநாள் ஜமாத்தில் விசாரணை. சாட்சிகளுக்குக் குறைவில்லை, தெருவே சாட்சி. ஆனால் மேடையருகே நின்றவர்களுக்கு ஒரு தலாக் கேட்டிருக்கிறது. பந்தல் நடுவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இரண்டு. தெருமுனைக் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே கடை போட்டிருக்கும் கன்னியம்மாள், "மூணு தபா கேட்டுச்சு. மூணாவது தபாக்குத்தான் நான் வாழக்கா பஜ்ஜிய திருப்பிப் போட்டேன், எனக்குத் தெரியாதா" என்று அடித்துச் சொன்னார். விளையாட்டரங்கம் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் ஐந்து என்கிறார். பெரியவர்களில் ஒருவர், ஒரே மூச்சில் எத்தனை சொன்னாலும் அது ஒன்றுதான், இத்தா முடிவதற்குள் மனைவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார். இத்தா என்பது தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் தவணை, என் வயதுக்குப் பிறைக் கணக்கில் மூன்று மாதம். இன்னொரு பெரியவர், மூன்று சொன்னால் மூன்றுதான், எல்லாம் முடிந்தது, திரும்ப எடுத்துக்கொள்வது ஹராம் என்றார். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி, அந்தப் பெரியவர்கள் இருவரையும் வெகுநாளாக அறிந்தவர். சொன்னது மனிதனா ஆம்ப்ளிபயரா என்பதை முதலில் பார்த்துவிடுவோம் என்றார்.

7. அதன்படி அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு உப்பளத்தில் அதே இடத்தில் அதே செட்டை வைத்து, எக்கோ திருகை அதே அளவில் நிறுத்திச் சோதனை நடந்தது. தலாக் என்றே சொல்லிப் பார்த்தால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், அதே எழுத்தில் தொடங்கும் சாதுவான சொல் ஒன்று தேவைப்பட்டது. தண்ணீர் என்றார் ஒருவர். தவளை என்றார் ஒருவர். நீண்ட ஆலோசனைக்குப் பின் தக்காளி என்று முடிவானது. தஸ்தகீர் சொன்னார். குரலில் கோபம் போதவில்லை என்று நிராகரித்தார்கள். மறுபடி சொன்னார். கெஞ்சுவது போல் இருக்கிறது என்றார்கள். கடைசியில் என்னை வரவழைத்து, அன்று சொன்னதையே சொல்லச் சொன்னார்கள். எக்கோவைக் குறையுங்கள் என்றேன். உடனே தக்காளி என்று அப்படியே அன்று போலவே வந்தது. வீடுகளிலிருந்து பெண்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்தத் தெருவில் காய்கறி வண்டி தள்ளும் கமலக்கண்ணன் என்பவர், என் லைனில் எவன் விற்கிறான் என்று கேட்டுச் சண்டைக்கு வந்தார். சோதனை முடிவு மூன்றரை. கடைசியில் "ளி" மட்டும் தனியாக வந்ததைப் பாதி என்று எடுத்துக்கொண்டார்கள். பாதித் தலாக்குக்கு என்ன சட்டம் என்று எந்தக் கிதாபிலும் இல்லையாம். விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

8. நான் காவல் நிலையத்துக்கும் போனேன். உதவி ஆய்வாளர் மதிவாணன் மரியாதையாக நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார். இப்போது இருக்கும் சட்டப்படி ஒரே மூச்சில் மூன்று தலாக் சொன்னால் அது செல்லாது, ஆனால் சொன்னவருக்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு, மனைவியோ அவள் உறவினரோ புகார் கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். அவர் வார்த்தையை அப்படியே தருகிறேன்: "மூணுன்னு எழுதிக் குடுங்கம்மா, இன்னிக்கே தூக்கிடறேன். ஒண்ணுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குப் போங்க." எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். வக்கீல் ஹரிகிருஷ்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு தலாக் என்றாலும், தக்க காரணம் இருந்து, முன்னதாக இரு தரப்பும் உட்கார்ந்து சமரசம் பேசியிருந்தால்தான் கோர்ட் ஏற்கும் என்றார். எக்கோ தக்க காரணமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஆக, ஐயா, நிலைமை இதுதான். மூன்று என்றால் சர்க்காருக்கு நான் மனைவி, ஆனால் கணவர் சிறையில். அதே மூன்று, ஒரு பெரியவருக்கு நான் யாரோ. ஒன்று என்றால் நான் டிசம்பர் 5 வரை காத்திருக்கும் பெண், அதற்குப் பிறகு தனி ஆள். வக்கீலுக்கு நான் ஒரு நல்ல கேஸ். சட்டத்தைக் குறை சொல்லும் படிப்பு எனக்கு இல்லை, மார்க்கத்தைக் குறை சொல்லும் எண்ணமும் இல்லை. காரைக்காலில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள், நான் மாடியிலும் அவர் கீழே கடையிலும் இருப்பதால், போன் செய்து, "ம்மா, அடுத்த மாசம் வந்தா மாடிக்கு வரதா கடைக்கு வரதா" என்று கேட்கிறாள். அவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

9. தக்காளி சோதனைக்குப் பிறகு தஸ்தகீர் வாய் திறப்பதில்லை. என்ன சொன்னாலும் யாராவது எண்ணிவிடுவார்கள் என்று பயம். திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார் ஒரு பெரியவர். சொன்னால் பாவம் என்கிறார் மற்றவர். இருவருக்கும் பயந்து எவரிடமும் பேசுவதில்லை. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை தக்காளி. இப்போது கீழே கடையில் ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார். மைக் டெஸ்டிங் சொல்ல மேற்படி கமலக்கண்ணனைக் கூலிக்கு வைத்திருக்கிறார். அவருக்கும் காய்கறிப் பெயர்களைத் தவிர எதுவும் மைக்கில் சரளமாக வருவதில்லை, கல்யாண வீடுகளில் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் அது திரும்ப எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதனால் சோற்றுக் கேரியரை மாடியிலிருந்து கயிற்றில் கட்டி இறக்குகிறேன். சாப்பிட்டுக் கழுவிக் கட்டி அனுப்புகிறார். கல்யாணமான காலத்திலிருந்து அவர் பாத்திரம் கழுவியது இப்போதுதான். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் தெருவில் இறங்கி நின்று, மாடியைப் பார்த்து, காதில் கை வைத்துக் காட்டுகிறார். கேட்கிறதா என்று அர்த்தம். அவர் எதுவும் பேசாமல் எனக்கு என்ன கேட்கும். பதிலுக்கு நான் கை காட்டினால் அது சாட்சியாகிவிடுமோ என்று சும்மா நிற்கிறேன். எனக்குக் கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவதால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

10. இம்மனுவைக் கொடுக்க என்னை இங்கே அழைத்து வந்தவரும் எதிர்மனுதாரர் தஸ்தகீர்தான். மழையில் ஆட்டோ கிடைக்காமல் நான் வாசலில் நிற்பதைப் பார்த்து, மைக் செட் ஏற்றும் குட்டியானை வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார். தன் மீதுதான் புகார் என்று அவருக்குத் தெரியும். முன் சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் அதற்கும் ஒரு கருத்து சொல்வார்கள் என்பதால் நான் பின்னால் ஏறி, ஸ்பீக்கர் பாக்ஸ் மீது உட்கார்ந்து சாரத்திலிருந்து இதுவரை நனைந்துகொண்டே வந்தேன். பாக்ஸ் மூடும் தார்ப்பாயை வழியில் நிறுத்தி என் மேல் போர்த்திவிட்டார். அது எந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. மனு நனைந்தது இப்படித்தான்.

11. இந்த விவகாரம் தங்கள் அதிகார எல்லைக்குள் வருமா என்று கேட்கப்படலாம். வரும் என்று நான் கருதுகிறேன். மேற்படி தலாக், தங்கள் அலுவலக அனுமதி பெற்ற ஒலிபெருக்கி வழியாக, அனுமதித்த நேரத்துக்குள், அனுமதித்த சத்த அளவுக்குள் வெளியானது. அனுமதி நிபந்தனைகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பட்டாசு கூடாது, சாதி சமயப் பூசல் வளர்க்கும் பேச்சு கூடாது என்று இருக்கிறது. தலாக் கூடாது என்று இல்லை. இனி வழங்கும் அனுமதிகளில் இதைச் சேர்க்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை.

12. முக்கியமான ஒன்று. ஜமாத் தெருவைக் கேட்டது. காவல் நிலையம் என்னிடம் புகாரைக் கேட்டது. வக்கீல் ஆதாரம் கேட்டார். பஜ்ஜிக் கடை வரை கேட்டார்கள். மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்ற என்னிடம், உன் காதில் என்ன விழுந்தது என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. தங்கள் முன் அதைப் பதிவு செய்கிறேன். ஸ்பீக்கர் வழியாக அல்ல, அவர் தொண்டையிலிருந்து நான் நேரில் கேட்டது ஒன்று. ஒன்றுதான். அது வெளியே வந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே கை எக்கோ திருகுக்குப் போனது. கடைசி வரை திருகி அணைத்தார். அதனால்தான் ஜில்பேர் அவர்கள் சொன்ன வார்த்தை தெருக்கோடி வரை சுத்தமாகக் கேட்டது. எப்படி அவ்வளவு சுத்தமாகக் கேட்டது என்று விசாரித்தவர் யாரும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் நான் சொல்லி அவர் எக்கோவைக் குறைத்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்காக அவர் சொன்னது இல்லையென்று ஆகிவிடாது. ஊர் முன்னால் சொன்னார். என் காதில் விழுந்தது. வலித்தது, இன்னும் வலிக்கிறது. அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்பதற்காக ஒன்று என்று சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், அவரைக் காப்பாற்ற எனக்கு இப்போது அவ்வளவு மனசு இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். ஒன்று என்பது உண்மை, அதனால் எழுதுகிறேன்.

13. எனவே ஐயா அவர்கள் தயவு கூர்ந்து,

(அ) எக்கோ என்பது இயந்திரத்தின் பேச்சு, மனிதனின் பேச்சு அல்ல என்று ஓர் அறிவிப்பு வெளியிடுமாறும்,

(ஆ) எதிர்மனுதாரர் தஸ்தகீர் இப்போது தங்கள் அலுவலக வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதால், நோட்டீஸ் அனுப்பும் செலவு இல்லாமல் ஓர் ஊழியரை அனுப்பி அவரை உள்ளே அழைத்து, வாயைத் திறந்து பேசுமாறு உத்தரவிடுமாறும்,

(இ) இத்தா முடிய இன்னும் பதினோரு நாட்களே இருப்பதால், உனக்கு மைமூன் வேண்டுமா வேண்டாமா என்று அவரிடம் என் முன்னிலையில் கேட்குமாறும், அவர் பதில் சொன்ன பிறகு அதே கேள்வியை என்னிடமும் கேட்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் அறையில் மைக் இருந்தால் அதை அணைத்துவிடச் சொல்லவும்.

மழை விடுவதாகத் தெரியவில்லை. இங்கிருந்து சாரம் திரும்பும்போது நான் வண்டியில் முன்னால் உட்காருவதா, பின்னால் உட்காருவதா என்பது அந்த இரண்டு பதில்களைப் பொறுத்தது. என் பதில் தயாராக இருக்கிறது. அவர் இதைப் படித்துவிட்டு அதற்கேற்பத் தன் பதிலை மாற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் இங்கே எழுதவில்லை. முதலில் அவர் சொல்லட்டும், எக்கோ இல்லாமல்.

இடம்: புதுச்சேரி (தங்கள் அலுவலக வராந்தா)
நாள்: 24.11.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
அ. மைமூன் பீவி
க/பெ. ………………… (தங்கள் அறையிலிருந்து வெளியே வந்ததும் நிரப்பித் தரப்படும்)